நான் கழற்றிய தகடு

பிள்ளை,

நீ இன்னும் என் வயிற்றில்கூட வரவில்லை, உனக்குப் பெயரும் வைக்கவில்லை. நீ மகனா மகளா என்று தெரியாது. உன் தகப்பன் யாரென்றும் தெரியாது. எனக்கு வயது பதினேழு, பள்ளிக்கூடம் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கடிதத்தை உனக்குத்தான் எழுதுகிறேன், நீ வளர்ந்து, வேலை எடுத்து, எங்கேயாவது தூர ஊருக்குப் பெட்டி கட்டுகிற வயதில் வாசிப்பதற்காக. இன்றைக்கு நான் சொல்லவேண்டியதைக் கேட்கவேண்டியவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர். இருவரும் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நித்திரை. உனக்குச் சொல்லிப் பழகிக்கொண்டால் காலை ஐந்து மணிக்கு அப்பா எழும்பும்போது அவருக்கும் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதியது பிழை. சொல்லத்தான் போகிறேன். சொல்லாவிட்டால் சனிக்கிழமை ஒரு கலியாணப் பெண்ணும் அவளுடைய தகப்பனும் மொந்தே பெல்லெக்ரினோ மலைப்பாதையில் ஒரு பழைய காரில் ஏறி இறங்குவார்கள். அந்தக் காரின் பின்னச்சுக்குள் நான் செய்துவைத்த பிழையும் அவர்களோடு ஏறி இறங்கும்.

அப்பா வேலை செய்யும் பட்டறை ஒரேத்தோ ஆற்றுப் பக்கம், ஒரு தொடர்மாடிக்குக் கீழே இருக்கிறது. முதலாளியை எல்லோரும் மாஸ்த்ரு சாரோ, அதாவது மேஸ்திரி சாரோ, என்பார்கள். நூறு வயதான கார்களைத் திருத்துவது அவருடைய தொழில். அப்பா முதலில் அங்கே நிலம் கூட்டப் போனவர். பிறகு எண்ணெய் பிடித்த பாகங்களைக் கழுவினார், பிறகு கழுவியவற்றைப் பூட்டினார், இப்போது பின்னச்சு வேலை வந்தால் சாரோ அப்பாவைத்தான் கூப்பிடுவார். நான் தொழில்நுட்பப் பள்ளியில் இயந்திரவியல் படிக்கிறேன். வருஷத்தில் சில கிழமைகள் எல்லோரும் ஒரு வேலையிடத்தில் போய் நிற்கவேண்டும் என்பது பள்ளிக்கூட விதி. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் என்னை எடுக்க ஒரு பட்டறையும் ஆவலாக இருக்கவில்லை. அப்பா கேட்டதற்காகச் சாரோ எடுத்தார். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தகப்பன் வாய் திறக்கிறதில்லை. நீயாவது கதைப்பியா, இல்லாட்டி ரெண்டு ஊமையளை வைச்சுக்கொண்டு நான் செத்துப்போகவேணுமா?" என்றார். அவர் கதைப்பது இந்தத் தீவின் மொழி, சிசிலியன். எனக்குள் அது எங்கள் தமிழாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் கார் ஜுலியா என்கிற அந்தக் கலியாணப் பெண்ணின் பாட்டன் வாங்கியது. இப்போது அவளுடைய தகப்பனிடம் இருக்கிறது. கலியாணத்துக்கு மலைமேல் இருக்கும் சாந்தா ரொசாலியா கோயிலுக்கு அதிலேதான் போகவேண்டும், தகப்பன்தான் ஓட்டவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒரே ஒரு தடை இருந்தது. ஓடத் தொடங்கினால் அந்தக் கார் ஊளையிடும். தகப்பனுக்குக் காது கேட்பது குறைவு, இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறார். அந்த ஊளை கருவிக்குள் போய்த் தலையைக் குடைகிறதாம், கருவியைக் கழற்றினால் ஒன்றுமே கேட்காதாம். "அப்பாவோடை கதைச்சுக்கொண்டு போகவேணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். பூ, பட்டு ஒண்டும் வேண்டாம்" என்று ஜுலியா பட்டறையில் வந்து சொன்னாள். சாரோ நெஞ்சில் கை வைத்து, பூனை நடக்கிற மாதிரி ஓடவைத்துத் தருகிறேன் என்றார்.

ஊளை எங்கேயிருந்து வருகிறது என்று உனக்குச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் பிழை விளங்காது. எஞ்சின் முன்னால் இருக்கிறது, சுழலவேண்டிய சில்லுகள் பின்னால். இடையில் ஒரு நீளத் தண்டு சுழன்றுகொண்டே வரும். அந்தச் சுழற்சியைக் குறுக்கே திருப்பிச் சில்லுகளுக்குக் கொடுப்பவை பின்னச்சுக்குள் இருக்கும் இரண்டு பற்சக்கரங்கள், ஒன்று சின்னது, மற்றது பெரியது. அந்தக் காலத்தில் பற்களை நேராக வெட்டினார்கள். நேரான பல் தன் முழு நீளத்தோடும் ஒரேயடியாக மற்றப் பல்லில் போய் மோதும், அதுதான் ஊளை. வளைத்து வெட்டினால் ஒரு பல் விடுவதற்கு முன்னமே அடுத்த பல் மெல்லத் தொட்டுவிடும். சாரோ அளவெடுத்து அனுப்பி, வளைந்த பற்களோடு மூன்று சோடி வெட்டுவித்தார். அவற்றைச் சோதிப்பதுதான் அப்பாவின் வேலை, கூட நின்று எழுதுவது என் வேலை. பின்னச்சைக் கழற்றி ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டி, மின்மோட்டாரால் சுழற்றி, சில்லுப் பக்கம் பிரேக் பிடித்துப் பாரம் கொடுப்போம். நீளத் திருகாணிச்சாவியின் நுனியை அச்சில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்தினால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். பற்களில் மஞ்சள் பசை பூசிச் சுழற்றினால் எந்த இடத்தில் தொடுகிறது என்று தெரியும். முதல் சோடி உளறியது. இரண்டாவது முணுமுணுத்தது. மூன்றாவது நல்ல சோடி. வேகம் கூட்டும்போது சத்தமே இல்லை, வேகத்தைக் குறைக்கும்போது மட்டும் மெல்லிய ஒரு முனகல்.

"இன்னும் கத்துது" என்றார் சாரோ.

"கத்தேல்லை, மூச்சு விடுது" என்று அப்பா என்னிடம் தமிழில் சொன்னார். "விடட்டும். இரும்புக்கும் கொஞ்சம் இடம் வேணும், பிள்ளை."

நான் அதைச் சாரோவுக்கு மொழிபெயர்க்கவில்லை. ஏன் என்று இன்றைக்கு முழுக்க யோசித்தேன். எனக்கும் அந்த முனகல் பிடிக்கவில்லை, அதுதான் காரணம். எங்கள் வீட்டில் சத்தம் என்றால் குற்றம். போர்கோ வெக்கியோ சந்தைப் பக்கம் இந்த இரண்டு அறைக்கு வந்த நாளிலிருந்து, ஒரு கரண்டி விழுந்தால்கூடக் கீழ்வீட்டுக்காரி நிலம் கூட்டும் தும்புத்தடியால் தன் கூரையில் இடிப்பாள். அப்பா வீட்டுக்குள் பாதத்தின் ஓரத்தால் நடப்பார். அம்மா வீட்டுவேலை செய்யும் சினியோராவின் வீட்டில், "நீ இருக்கிறதே தெரியிறதில்லை" என்று சொன்னார்களாம். அம்மா அதைப் பரிசு வாங்கியதுபோல வந்து சொன்னா. வன்னியில் நான் கைப்பிள்ளையாக இருந்தபோது பதுங்குகுழிக்குள் அழாமல் இருக்க அம்மா என் வாயைப் பொத்திப் பிடிப்பாவாம். எனக்கு அது ஞாபகம் இல்லை, நாலு வயதில் இஞ்சை வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கை இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாரோ "கத்துது" என்று சொன்னபோது எனக்குக் காது சுட்டது, அப்பாவைச் சொன்னதுபோல.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எனக்கு ஒன்பது வயதிலிருந்து இந்த வீட்டின் தாள்களெல்லாம் நான்தான் நிரப்புகிறேன். இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும் படிவம், வீட்டு வாடகைத் தாள், மின்சாரக்காரனுக்கு முறைப்பாடு, பள்ளிக்கூடத்துக்கு நான் வராததற்கு விளக்கம், எல்லாம். அப்பாவுக்கு இத்தாலியன் கதைக்க வரும், எழுத வராது. தொலைபேசியில் அலுவலகங்களோடு கதைப்பதும் நான்தான், அப்பாவின் பேரைச் சொல்லி, அவருக்காகக் கதைக்கிறேன் என்று தொடங்குவேன். போகப்போக அவருடைய கையெழுத்தையும் போடத் தொடங்கினேன். அவர் காலையில் தொடர்மாடிப் படிகள் கழுவிவிட்டுப் பட்டறைக்குப் போகிறவர், ஒவ்வொரு தாளுக்கும் எங்கே பிடிப்பது? ஒருநாள் பகிடியாக, "என்ரை கையெழுத்து என்னைவிட உனக்குத்தான் வடிவா வருது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் ஆட்களின் வீடுகளில் இது பெரிய விஷயமும் இல்லை. என் சிநேகிதிகள் எல்லோரும் தங்கள் தகப்பன்மாரின் கையெழுத்தைப் போடுவார்கள். ஆனால் நீ என் கையெழுத்தைப் போடக்கூடாது. ஏன் என்று இனிச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை பின்னேரம் அப்பாவுக்குப் பெர்மெஸ்ஸோ கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் விரல் அடையாளம் கொடுக்கும் நாள். சாரோ சாமான் வாங்கப் போய்விட்டார், பட்டறைக் கதவின் திறப்பு என்னிடம். மறுநாள் பின்னச்சைக் காரில் பூட்டவேண்டும், புதன்கிழமை ஜுலியாவும் தகப்பனும் ஓடிப் பார்க்க வருவார்கள். நான் மோட்டாரைப் போட்டுத் திரும்பத் திரும்ப அந்த முனகலைக் கேட்டேன். இரண்டு சக்கரங்களின் பற்களுக்கும் இடையில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கவேண்டும். அதை அளவாக வைத்திருப்பவை அச்சின் இரண்டு பக்க மூடிகளுக்கும் கீழே அடுக்கியிருக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகள். இடப்பக்கத்தில் ஒரு தகட்டை எடுத்தால் பெரிய சக்கரம் சின்னதை நோக்கி நெருங்கும். அதுவும் எனக்குத் தெரியும், நெருங்கினால் சத்தம் குறையும் என்பதும் தெரியும். மூடியைக் கழற்றினேன். ஒரு தகட்டை எடுத்தேன். மூடிப் பூட்டி மோட்டாரைப் போட்டேன். பிள்ளை, ஒன்றும் கேட்கவில்லை. திருகாணிச்சாவியைக் காதில் வைத்தும் ஒன்றும் கேட்கவில்லை. நான் தனியே நின்று சிரித்தேன்.

இடைவெளியை அளக்கும் கருவியின் முள் இருபதில் நிற்கவேண்டும். இப்போது அது அசையவே மனமில்லாமல் அசைந்தது. மஞ்சள் பசை பூசிப் பார்க்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. சோதனைப் புத்தகத்தை எடுத்து இருபது என்று எழுதினேன். கீழே, வழக்கம்போல, யோசிக்காமல், அப்பாவின் கையெழுத்தைப் போட்டேன். தகட்டை என் பென்சில் பெட்டிக்குள் வைத்தேன். ஆக இரண்டு காரியம் செய்தேன், ஒன்று இரும்புக்கு, ஒன்று அப்பாவுக்கு. இரண்டாவதை நான் செய்ததாகவே அப்போது எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை கடற்கரையோரம் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற ஊருக்குக் காரில் ஓடினோம். தகப்பன் ஓட்ட, பக்கத்தில் ஜுலியா, பின்னால் புத்தகத்தோடு நான். சாரோவும் அப்பாவும் பட்டறையின் வான் வண்டியில் பின்னே வந்தார்கள். கடற்கரைச் சாலைக்கு வந்ததும் தகப்பன் தலையைச் சரித்துக் கேட்டார். "இது ஓடுதா, இல்லாட்டி எங்களை யாரும் தள்ளிக்கொண்டு வாறாங்களா?" என்றார். ஜுலியா சிரித்துக்கொண்டு அவருடைய தோளில் அடித்தாள்.

"நீ முதல் நாள் பள்ளிக்கூடம் போனதும் இதிலைதான்" என்றார் அவர். "வழி முழுக்க என்னவோ கத்திக்கொண்டு வந்தாய். எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. என்ன சொன்னனி?"

"காரை வீட்டுக்குத் திருப்பச் சொன்னன் அப்பா."

"அப்ப கேக்காததும் நல்லதுதான்."

அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தேன், பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி என்னிடம், "நீங்கள் ரெண்டு பேரும் என்ன செய்தீங்கள் எண்டு உங்களுக்குத் தெரியாது" என்றாள். எனக்குத் தெரியாதுதான். ஸ்ஃபெர்ராகவால்லோவில் இறங்கி எல்லோரும் கோப்பி குடிக்கப் போனார்கள். சாரோ அப்பாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, "ஊமை, நீ ஒரு கலைஞன்!" என்று கத்தினார். அப்பாவுக்கு வெட்கம், நிலத்தைப் பார்த்தார். நான் சும்மா காரின் பின்னால் குனிந்து அச்சில் கை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டேன். இளஞ்சூடு என்றால் சரி, இது கொதித்தது. அந்த ஓட்டம் சமதரை, பாரமும் இல்லை. பட்டறைக்கு வந்ததும் எண்ணெய் பார்க்கிறேன் என்று சொல்லிக் கீழ்த் திருகைக் கழற்றினேன். விரலில் வந்த எண்ணெய் மினுங்கியது. மினுங்கியது இரும்புத் தூள்.

இடைவெளி இல்லாத பற்கள் சூட்டில் பருக்கும், பருத்தால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். கடித்தால் பின்சில்லுகள் இரண்டும் அப்படியே நின்றுவிடும். மலைப்பாதையில், வளைவில், ஒரு பக்கம் பள்ளம். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்காலோடு அந்த மலைக்கோயிலுக்கு ஏறுகிறவ, நானும் கூடப் போயிருக்கிறேன், ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். இன்றைக்கு வியாழன் முழுக்க அந்த வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு மூன்று தரம் சொல்ல வெளிக்கிட்டேன். காலையில் அப்பா காரின் முன்விளக்கை மினுக்கிக்கொண்டு மெல்லச் சீட்டியடித்தார். அவர் சீட்டியடித்து நான் கேட்டதே இல்லை, நான் திரும்பிப் போய்விட்டேன். மத்தியானம் சாரோ எல்லோருக்கும் அரஞ்சீனா வாங்கி வந்து, வாயில் சோற்றுருண்டையோடு, "திங்கட்கிழமை உனக்கு நிரந்தர வேலைக் கொன்ட்ராத்தோ எழுதித் தாறன்" என்று அப்பாவிடம் சொன்னார். அந்தத் தாள் பெர்மெஸ்ஸோ விண்ணப்பத்தோடு வைக்கவேண்டிய தாள். இரண்டு வருஷமாக அப்பா அதற்குக் காத்திருக்கிறார். என் வாய்க்குள் இருந்ததை அரஞ்சீனாவோடு விழுங்கினேன். இரவு அம்மா புட்டும் கணவாய்க் கறியும் ஆக்கி, "இஞ்சாருங்கோ, இனியாவது விடியக் காலமை படி கழுவுற வேலையை விடுங்கோ" என்று அப்பாவுக்குப் போட்டுக்கொண்டே இருந்தா. அப்பா, "பாப்பம், பாப்பம்" என்று சிரித்தார். நான் எப்படிச் சொல்ல?

அப்போதுதான் அம்மாவின் மூடிக் கதை ஞாபகம் வந்தது. நான் சின்னவளாக இருந்தபோது அம்மா சினியோராவின் பீங்கான் சூப்புக் கிண்ணத்தின் மூடியை உடைத்துவிட்டா. ஒருவருக்கும் சொல்லாமல் பசை வாங்கி வந்து ஒட்டி, பார்த்தால் தெரியாதபடி அலுமாரியில் வைத்துவிட்டா. நத்தார் அன்று, பதினைந்து விருந்தாளிகளுக்கு முன்னால், சூடான சூப்பின் ஆவியில் பசை இளகி, பாதி மூடி சூப்புக்குள் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்களாம், சினியோராவும் சிரித்தாவாம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருஷம், அம்மா கழுவி வைத்த ஒவ்வொரு மூடியையும் சினியோரா தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாவாம். அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது மூடி விழுந்த இடத்தில் சிரிப்பா, வெளிச்சத்தில் பார்த்த இடத்தில் சிரிக்கமாட்டா. என்னுடைய மூடி சூட்டில் இளகினால் சூப்புக்குள் விழாது.

இப்போது ஐந்தாகப் போகிறது. கீழே சந்தைக்காரர் மரப்பெட்டிகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். பென்சில் பெட்டியைத் திறந்து தகட்டை மேசையில் வைத்திருக்கிறேன். கடுதாசியைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. இதற்காக அப்பாவின் தாள் போகலாம். என்னைப் பட்டறையிலிருந்து அனுப்பலாம், பள்ளிக்கூடத்துக்கும் எழுதலாம். எல்லாவற்றையும் வரிசையாக யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அந்த வளைவைவிடப் பெரிதாக இல்லை. அப்பாவின் அலாரம் அடிக்கிறது. பேனையை வைக்கிறேன்.

பிள்ளை, திரும்பி வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா குசினிக்குள் வந்து கேத்தலை வைத்தார். "என்ன, படுக்கேல்லையோ? சோதினையோ?" என்றார். நான் தகட்டைத் தள்ளி அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் அதை எடுத்து, விளக்குக்குப் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"எப்ப எடுத்தனி?"

"திங்கள். நீங்கள் குவெஸ்தூராவுக்குப் போன நேரம்."

"எடுத்ததை மற்றப் பக்கம் போட்டனியோ?"

அதுவரை எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கம் போடவேண்டும், இல்லாவிட்டால் பற்கள் மட்டுமல்ல, இரண்டு பக்கத்துப் பெயாரிங்கும் நசியும். "இல்லையப்பா" என்றேன். "எண்ணெய் மினுங்குது. புதன்கிழமை நான் பாத்தனான். புத்தகத்திலை இருபது எண்டு எழுதிப்போட்டன். உங்கடை கையெழுத்தும் நான்தான்."

அப்பா கதிரையில் இருந்தார். கேத்தல் கொதித்துத் தானாக நின்றது. அவர் அடிக்கமாட்டார் என்று தெரியும், ஆனால் அடித்தால் நல்லது என்று இருந்தது. கடைசியில், "நானும் கை வைச்சுப் பாத்திருக்கவேணும்" என்றார். "சத்தமில்லாமல் ஓடினவுடனை நானும் மயங்கிட்டன். கட்டிப்பிடிச்சு வேறை கொஞ்சினான் அந்த மனுசன்."

திரைச்சீலைக்குப் பின்னால் அம்மா, "விடியக் காத்தாலை என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறியள்?" என்றா.

ஒன்றுமில்லை என்று சொல்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். நான் அதற்குத்தான் வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டி மறித்தார். "இருக்கு. எழும்பி வாரும்" என்றார்.

அம்மா கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றா. முதலில் என்னைப் பார்த்து, "அறிவு கெட்டவளே" என்றா. பிறகு மெல்ல, "அப்ப திங்கட்கிழமைத் தாள்?" என்றா.

"திங்கள் பிறகுதான் வரும்" என்றார் அப்பா. "அதுக்கு முதல் சனி வருது."

கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். வழக்கம்போல அப்பாவுக்காகக் கதைக்கிறேன் என்று தொடங்குவதற்கு நான் சாரோவின் இலக்கத்தை அழுத்தினேன். மணி போகும்போது அப்பா என் முழங்கையைத் தொட்டார். "என்ரை பேரிலை கதையாதை. உன்ரை பேரைச் சொல்லு."

சாரோ நித்திரைக் குரலில், "யார்?" என்றார். நான் என் பெயரைச் சொன்னேன். ஆருக்காகவும் இல்லாமல் தொலைபேசியில் என் பெயரை மட்டும் சொன்னது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். தகடு, திங்கட்கிழமை, புத்தகம், கையெழுத்து, சூடு, தூள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் ஒருவர் விடாமல் திட்டினார். அது ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடியது. அம்மாவுக்கு அந்தச் சிசிலியன் விளங்காது, ஆனாலும் காதைப் பொத்தினா. பிறகு அவர் மூச்சு வாங்கி, "கொப்பர் பக்கத்திலை நிக்கிறாரா?" என்றார்.

"ஓம்."

"ஆறரைக்குக் கதவு திறந்திருக்கும். ரெண்டு பேரும் வாங்கோ. பல்லைப் பாத்தபிறகுதான் மிச்சம். கார் போகுமா போகாதா எண்டு ஜுலியாவுக்குச் சொல்லுறதும் நீதான், நான் இல்லை. திங்கட்கிழமைக் கொன்ட்ராத்தோவைப் பற்றி இண்டைக்கு என்னட்டை ஒருத்தரும் கேக்கக்கூடாது." வைத்துவிட்டார்.

அப்பா படி கழுவும் இடத்துக்கு இன்றைக்கு வரமுடியாது என்று தானே செய்தி அனுப்புகிறார், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி. நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். தகடு அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. நான் இந்தக் கடைசிப் பக்கத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன், ஒரு காலில் சப்பாத்தோடு.

உனக்கு நான் அம்மாவாக வரும்போது இதை மறந்துபோகக்கூடும். அதனால் இப்போதே எழுதிவைக்கிறேன், நீ எடுத்துக் காட்டு. நீ ஒரு பிழையோடு வந்து என் முன்னால் நின்றால், முதலில் எந்தப் பக்கம், எப்போது என்று மட்டும் கேட்பேன். ஏன் என்பதைப் பிறகு கேட்கலாம். உன் வாயை நான் பொத்தமாட்டேன். என் தாள்களை நானே நிரப்புவேன், எத்தனை எழுத்துப்பிழை வந்தாலும். நீ உன் பெயரை மட்டும் எழுது, அதுவும் அளந்து பார்த்தபிறகு எழுது.

பற்கள் தப்பியிருந்தால் மத்தியானத்துக்குள் தகட்டைத் திரும்பப் போட்டுவிடுவோம். முள் இருபதில் நிற்கும்வரை நான் விடமாட்டேன், மஞ்சள் பசையும் பூசிப் பார்ப்பேன், சூடு பார்க்க நானும் அந்தக் காரில் மலைக்குப் போய் வருவேன். புத்தகத்தில் திங்கட்கிழமை வரியை வெட்டி, நடந்ததை எழுதி, கீழே என் கையெழுத்தைப் போடுவேன். தப்பாவிட்டால் ஜுலியா வேறு காரில் போவாள், அதையும் அவளுடைய முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். தப்பியிருந்தால் அவளுக்கு ஒன்று சொல்லவேண்டும், வசனத்தையும் யோசித்துவிட்டேன். வேகம் குறைக்கும்போது அது கொஞ்சம் முனகும், அது பழுது இல்லை, வளைவுகளில் அப்பாவோடு கொஞ்சம் சத்தமாகக் கதையுங்கோ.

அப்பா படியில் இறங்கிவிட்டார், பட்டறைச் சப்பாத்தோடு, முழுப் பாதத்தையும் ஊன்றி. கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் இடிக்கிறாள். வாறன், அப்பா.